திரும்பி வர்றதுக்கும் ஒரு ரூட் மேப் வேணும்

இன்னைக்கு சங்கரன்கோவில்ல எங்க வீட்டு மாடியில இருந்து பேசுறேன். பின்னாடி 'டடக் டடக்'னு கேக்குறது பக்கத்து வீட்டுத் தறி. அது நிக்காது, நீங்கதான் கொஞ்சம் பழகிக்கணும்.

போன எபிசோடுல, இங்கிருந்து குவாஹாட்டி வரைக்கும் சைக்கிள்ல போன கதையைச் சொன்னேன். 70 நாள், 3,200 கிலோமீட்டருக்கு மேல. அதைக் கேட்டுட்டு நிறைய பேர் அனுப்பின கேள்வி ஒண்ணுதான்: "திரும்பி வந்தப்புறம் எப்படி இருந்துச்சு?" வேலையை விட்டுட்டு நீண்ட பயணம் போகலாம்னு நினைக்கிறவங்க இதைக் கேளுங்க. போறதுக்கு மாசக்கணக்குல திட்டம் போடுவோம். வர்றதுக்கு யாரும் போடுறதில்ல.

முதல்ல ஒரு பழைய கதை. 1923 அக்டோபர் 15 அன்னைக்கு பம்பாயில இருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிள்ல உலகத்தைச் சுத்தக் கிளம்பினாங்க. அதுல நரிமன் கபாடியா சொந்தக் காரணத்தால தெஹ்ரானோட ஊர் திரும்பிட்டார். கேக்கி போச்கானாவாலாவும் குஸ்தாத் ஹாதிராமும் அமெரிக்காவிலேயே தங்கிட்டாங்க. மிச்சம் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா. இந்த மூணு பேரும் சுமார் 71,000 கிலோமீட்டர் ஓட்டி, 1928 மார்ச் 18 அன்னைக்கு பம்பாய் வந்து சேர்ந்தாங்க. 1931-ல நேரு முன்னுரையோட அவங்க புத்தகம் வந்துச்சு.

ஒண்ணாக் கிளம்பின ஆறு பேருக்கு மூணு விதமான முடிவு. பாதியில திரும்பினவரைத் தோத்தவர்னு நான் சொல்லமாட்டேன். அவருக்கு வீடு முன்னாடியே கூப்பிட்டிருச்சு, அவ்வளவுதான்.

இன்னொருத்தர், கல்கத்தாவைச் சேர்ந்த பிமல் முகர்ஜி. 1926-ல கிளம்பி 1937-ல ஊர் திரும்பினார். அவரோட பயணப் புத்தகம் 1980-கள்லதான் வந்துச்சு. சில கதைகள் வெளிய வர அரை நூற்றாண்டு ஆகுது! அதனால, வந்த மறுநாளே ரீல்ஸ் போடலையேன்னு கவலைப்படாதீங்க.

இப்போ நம்ம விஷயத்துக்கு வருவோம்.

முதல்ல உடம்பு. சைக்கிள் நின்னுடும், பசி நிக்காது. ரோட்டுல நாலு வேளை சாப்பிட்ட வயிறு, வீட்டுலயும் அதையே கேக்கும். இந்த ஊர்ல பிரியாணிக் கடை வேற பக்கத்துலயே இருக்கு. ஒரேயடியா நிறுத்தாம, காலையில கொஞ்ச தூரமாவது ஓட்டிக்கிட்டே குறைங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்தா, ஹேண்டில்பார்ல உள்ளங்கை அழுந்தி அங்க போற நரம்பு பாதிச்சிருக்கலாம். ஓய்வு கொடுத்தா பெரும்பாலும் சரியாகும், சிலருக்கு வாரக்கணக்குல ஆகும். குறையலைன்னா டாக்டரைப் பாருங்க.

அடுத்தது மனசு. ரோட்டுல ஒரு நாளைக்கு நாலே கேள்விதான்: தண்ணி எங்க, சாப்பாடு எங்க, எங்க படுக்க, காத்து எந்தப் பக்கம். சாயங்காலம் ஆனா 50 கிலோமீட்டர் முடிஞ்சிருக்கும், கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தா இஎம்ஐ, மாமா பொண்ணு கல்யாணம், "அடுத்து என்ன பண்ணப்போற?" நாள் முடிஞ்சும் எவ்வளவு தூரம் வந்தோம்னு சொல்ல மைல்கல் இல்ல. முதல் சில வாரம் வரும் வெறுமைக்கு இதுவும் ஒரு காரணம். ரயில்ல வந்தா இன்னும் கஷ்டம். 70 நாள்ல போன தூரத்தை மூணு ராத்திரியில கடந்துட்டு, விடிஞ்சா சங்கரன்கோவில் ஸ்டேஷன்ல நிப்போம். உடம்பு வந்திருக்கும், மனசு இன்னும் ஒடிசா பக்கம் மிதிச்சுக்கிட்டிருக்கும்.

மூணாவது வீடு. இதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. நாம போயிட்டு வந்த கதையைச் சொல்லத் துடிக்கிறோம். ஆனா அந்த நாள்கள்ல வீடும் ஒரு தூரத்தைக் கடந்திருக்கும். நான் ஆந்திராவுல இருந்தப்போ எங்க ஆச்சிக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கு. "வழியில போற பிள்ளைகிட்ட அதை எதுக்குய்யா சொல்லணும்"னு போன்ல யாரும் மூச்சுவிடல. நான் வந்தப்புறம்தான் அம்மா அதை ஒவ்வொண்ணா சொன்னாங்க: ஆஸ்பத்திரிக்குக் கூட யாரு போனாங்க, சொட்டு மருந்து யாரு விட்டாங்க, தறி எத்தனை நாள் ஓடல. அதைக் கேட்டு முடிச்சப்புறம்தான் என் கதையைச் சொல்ல எனக்கு இடம் கிடைச்சுது.

அதனால மூணு யோசனை. ஒண்ணு, பயணக் காசுல ரெண்டு மாசச் செலவைத் தனியா எடுத்து வைங்க. வந்ததும் கைக்குக் கிடைச்ச வேலையில விழ வேண்டியதில்ல. ரெண்டு, முதல் மாசம் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீங்க. திரும்பவும் கிளம்புறதும் அதுல சேர்த்திதான். ஜெர்மனிக்காரர் ஹைன்ஸ் ஷ்டுக்கெ மாதிரி 1962-ல கிளம்பி அரை நூற்றாண்டு ஓட்டினவங்க இருக்காங்க. ஆனா அது வேற வாழ்க்கை, அதைத் தெரிஞ்சு தேர்ந்தெடுக்கணும். மூணு, உங்க கதைக்கு முன்னாடி வீட்டுக் கதையைக் கேளுங்க.

யாராவது பயணம் முடிச்சு உங்க வீட்டுக்கு வந்தா, "எத்தன கிலோமீட்டர், எத்தன பஞ்சர்"னு மட்டும் கேக்காதீங்க. "யாரு வீட்டுல தண்ணி குடிச்ச?"ன்னு கேட்டுப் பாருங்க. பேச்சு ராத்திரி வரைக்கும் போகும்.

அடுத்த எபிசோடுல பாப்போம்.