காவல்காரன் யாருக்குக் கீழே?

பாய்லரைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர், "உற்பத்தியைப் பெருக்கு" என்று உத்தரவு போடும் மானேஜருக்கே கீழ்ப்பட்டவராக இருந்தால் என்ன ஆகும்? பாய்லரில் உள்ள வெடிப்பு அவர் கண்ணில் படுமா? ஜப்பானின் அணு மின் நிலையங்களில் நடந்தது இதுதான்.

அணு உலையை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு உடனே தணிவதில்லை. ஓயாமல் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அதற்குப் பம்பு ஓட வேண்டும்; பம்புக்கு மின்சாரம் வேண்டும். 2011 மார்ச் 11ந் தேதி பூகம்பம் வந்தது. ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் நின்றன. வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்தது. டீசல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி புகுந்தது. கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்த இயந்திரங்கள் மூழ்கின. மூன்று உலைகளிலும் எரிபொருள் உருகிற்று. ஒன்றரை லட்சம் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

"இயற்கையின் சீற்றம், யார் என்ன செய்ய முடியும்?" என்று சிலர் கேட்டார்கள். அப்படியா? அலை 15.7 மீட்டர் வரை ஏறலாம் என்று 2008லேயே டோக்கியோ மின்சாரக் கம்பெனியின் சொந்தக் கணக்கு சொல்லிற்று. கம்பெனி சுவர் எழுப்பவில்லை. அந்தக் கணக்கைக் கண்காணிப்பு இலாகாவிடம் கொடுத்தது எப்போது? 2011 மார்ச் 7ந் தேதி! அழிவுக்கு நான்கே நாள் முன்பு!

இலாகா ஏன் விழிப்பாக இல்லை? அணு மின்சாரத்தை வளர்க்கும் மந்திரி இலாகாவுக்குள்ளேயே அது அடங்கியிருந்தது. 2000ல் ஒரு என்ஜினீயர், சோதனைப் பதிவேடுகளில் புரட்டு இருப்பதாகப் புகார் செய்தார். அதிகாரிகள் அவர் பெயரைக் கம்பெனிக்கே தெரிவித்துவிட்டார்கள்! புரட்டு நாடறிய வெளிவந்தது 2002ல்தான்.

2012 ஜூலையில் பார்லிமெண்டின் விசாரணைக் கமிஷன், இது மனிதரால் விளைந்த நாசம் என்று தீர்ப்புச் சொல்லியது. கண்காணிக்க வேண்டியவர்களே கம்பெனிகளின் பிடியில் சிக்கியிருந்தார்கள் என்றது. அவ்வாண்டு செப்டம்பரில் பழைய இலாகா கலைக்கப்பட்டது. தனித்த ஆணையம் பிறந்தது. 2024 நவம்பரில், சுருகா நிலையத்தின் 2வது உலைக்கு அடியில் நகரக்கூடிய பூமிப் பிளவு இருக்கலாம் என்று கூறி, அதை மீண்டும் ஓட்ட அந்த ஆணையம் அனுமதி மறுத்தது.

தோழர்களே! எந்த நாட்டு உலையானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கண்காணிப்பவன் யாருக்குக் கீழே? "நிறுத்து" என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் உண்டா? குறையைச் சொல்லும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டா? பதில் கிடைக்கும்வரை கேளுங்கள். உலை வெடித்தால் முதலில் உள்ளே அனுப்பப்படுபவன் தொழிலாளி. முதலில் நிலத்தை இழப்பவன் விவசாயி!