அச்சுப் படத்தில் பெய்த மழை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இரயில்வே எழுத்தராகிய எம்மைப் போன்றோர் நாளும் நிலையங்களின் பெயரை எழுதியே காலம் கழிப்பவர். ஐம்பத்து மூன்று நிலையங்களைப் படமாக்கிய ஓவியர் ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகின்றோம். அவர் ஜப்பானியராகிய ஹிரோஷிகே (1797–1858). தீயணைப்புப் பணியில் சிறு பதவி வகித்த குடும்பத்தில் பிறந்து, தாமும் அப்பணி புரிந்தவர். இன்று டோக்கியோ எனப்படும் எடோவிலிருந்து கியோட்டோ வரை சென்ற டொக்கைடோ பெருவழியின் 53 தங்கல் நிலையங்களை 1833–34 அளவில் மர அச்சுப் படங்களாக வெளியிட்டார்.

ஓவியர் வரைவார், ஒருவர் பலகையிற் செதுக்குவார், மற்றொருவர் அச்சிடுவார். ஒரு மழைக்கோடு நிற்க வேண்டுமாயின், அதனைச் சூழ்ந்த மரம் முழுவதையும் வெட்டி நீக்க வேண்டும்.

ஷோனோ என்னும் நிலையத்தின் படத்திற் பெருமழை. மூங்கில்கள் சாய்கின்றன, வழிப்போக்கர் தலைகுனிந்து ஓடுகின்றனர். கம்பாரா நிலையத்தின் படத்தில் இரவுப் பனி. மூவர் நடக்கின்றனர், எங்கும் அமைதி. வியப்பு யாதெனில், கம்பாரா வெம்மை மிக்க கடலோரம். ஆங்குப் பனி குவிவது மிக அரிது. அவ்வாறாயின் அப்பனி எங்கிருந்து வந்தது? வழி நடப்போர் உள்ளத்துத் தனிமையிலிருந்து வந்தது என்றே யாம் கருதுகின்றோம்.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் முல்லைக்குக் காரும் மாலையும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் வகுத்தது. கார் காத்திருத்தலாயிற்று; வேனில் பிரிவாயிற்று.

வடகரப்பதியில் இதனை நாம் கண்ணாற் காண்கின்றோம். மேற்கே மழை கொட்டும் ஆனித் திங்களில், மழை மறைவில் உள்ள நம் ஊரிற் காற்றே மிகுதி. மேகம் தலைக்கு மேலே கடந்து செல்ல, உழவர் அண்ணாந்து நிற்கின்றனர். ஷோனோவில் மழை கண்டு ஒதுங்க ஓடினர். நம் ஊரிலோ மழை கண்டு முற்றத்திற்கு ஓடி வருவர். கோடு ஒன்றே, உள்ளம் வேறு.

நம் பிள்ளைகள் திணையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கின்றனர், வானத்தைப் பார்ப்பதில்லை. கார், கூதிர் என்னும் சொற்கள் அவர்கள் நாவினின்றும் நழுவுகின்றன. ஆகவே ஒரு வேண்டுகோள். லினோலியத் துண்டும், சிறு உளியும், அச்சு மையும், தேய்த்து அச்செடுக்க ஒரு கரண்டியும் போதும். அடுத்த மலருக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வானிலையைச் செதுக்கித் தரட்டும். அதன் கீழே அதற்குரிய தமிழ்ச் சொல்லை எழுதட்டும். எந்த மழையை எந்த மனத்தோடு அவர்கள் பார்க்கின்றனர் என்பதைப் பெற்றோராகிய நாமும் அறிவோம்.