எழுபது மில்லிமீட்டர்

போன வாரம் இதே நேரத்தில் இங்கே பேசிய நண்பர் கான்டெஸா காரை நினைத்து உருகிப்போனார். வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன், கையில் இருந்த காபி ஆறிவிட்டது. கான்டெஸா நல்ல வண்டி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லலாம்தான், ஆனால் எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம்.

எண்பதுகளின் வண்டி என்றாலே இப்போது ஒரே பாட்டுத்தான். கான்டெஸா, இல்லாவிட்டால் பளபளவென்று பெயின்ட் அடித்த பத்மினி. என் பட்டறைக்கு வாரம் ஒரு பையனாவது போனில் படத்தோடு வந்து நிற்கிறான். "அண்ணா, இதுல வேற இன்ஜின் ஏத்தி டர்போ வெக்கலாங்களா?" வைக்கலாம் தம்பி. உன் அப்பா காசு, உன் ஆசை. ஆனால் வேகமாக ஓடுவதற்கென்றே பிறந்த ஓர் இன்ஜினோடு நம் ஊரில் ஒரு வண்டி வந்ததே, அதை ஏனப்பா ஒருத்தனும் கேட்பதில்லை?

பிரீமியர் 118 என்.இ. அதைத்தான் சொல்கிறேன். 1985-இல் வந்தது. என்.இ. என்றால் நிசான் இன்ஜின். பெயரிலேயே விஷயத்தை எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்படியும் நாம் படிக்கவில்லை.

பாடியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஃபியட் 124, இத்தாலியில் 1966-இல் பிறந்தது. அதே வண்டிதான் ரஷ்யாவில் லாடா ஆனது. ஸ்பெயினில் சியாட் கம்பெனி அதைச் செய்துகொண்டிருந்து நிறுத்திய பிறகு அந்த உருவம் பம்பாய்க்கு வந்தது. சதுரமான வண்டி, தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி. அழகு என்று சண்டை போட மாட்டேன். ஆனால் பின்னால் குனிந்து பாருங்கள். பத்மினியில் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் இருக்கும். இதில் சுருள் ஸ்பிரிங். கியர் ஸ்டீயரிங்கின் கழுத்தில் இல்லை, தரையில். பத்மினியில் ஹேண்ட் கியர் போட்டுப் பழகிய கைக்கு அதுவே ஒரு விடுதலை.

இனி இன்ஜின். இங்கேதான் கொஞ்சம் நின்று பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிசான் ஏ12. 1171 சி.சி. சிலிண்டரின் அகலம் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 70 மில்லிமீட்டர். இந்த எழுபதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அகலத்தைவிட ஓட்டம் குறைவு.

இப்போது அம்பாசடரை எடுங்கள். அந்தப் பழைய 1489 சி.சி. இன்ஜினிலும் சிலிண்டரின் அகலம் இதே 73தான். ஸ்ட்ரோக்? கிட்டத்தட்ட 89. பத்மினியில் அகலம் 68, ஸ்ட்ரோக் 75. இரண்டும் ஒல்லி, உயரம். நம் ஏ12 குண்டு, குட்டை.

இதனால் என்ன ஆகிவிடப்போகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறீர்கள் அல்லவா? பம்பை முழுக்க இழுத்து அடித்தால் கை மெதுவாகத்தான் போகும், ஆனால் ஒவ்வொரு அடியிலும் பலம் இருக்கும். பாதி இழுத்து அடித்தால் கை சரசரவென்று போகும். ஏ12 பாதி இழுத்து அடிக்கிற கை. நிமிடத்துக்கு 6000 சுற்றில் அதன் பிஸ்டன் ஓடுவது 840 மீட்டர். அம்பாசடரின் பிஸ்டன் 5000 சுற்றிலேயே 889 மீட்டர் ஓடியாக வேண்டும். மறுபடி சொல்கிறேன்: இது 6000 சுற்றும்போது படுகிற பாட்டைவிட, அது 5000 சுற்றும்போது படுகிற பாடு அதிகம். அதற்கு மேல், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்கை ஏ12 ஐந்து இடத்தில் தாங்குகிறது. அம்பாசடரில் மூன்றே இடம். ஜப்பான்காரர்கள் எழுபதுகளில் சின்ன சன்னி காரில் இந்த இன்ஜினை வைத்துப் பந்தயத்தில் கதறக் கதற ஓட்டியது சும்மா இல்லை.

அப்படிப்பட்ட இன்ஜினுக்கு நம் ஊரில் கிடைத்த பட்டம்: "இழுவை பத்தாது."

நியாயமாகப் பார்த்தால், கீழ்ச் சுற்றில் இழுவை பத்தாதுதான். அதை மறைக்க மாட்டேன். அம்பாசடரில் எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு, டாப் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மேட்டில் ஏறிப் பழகியவர்கள் நாம். மைலேஜ் மைலேஜ் என்று, வண்டி நகர்ந்ததும் டாப் போட்டுவிடுகிற டிரைவர்களின் கையில் இந்த வண்டி மாட்டியது. அவர்கள் 118-ஐ 1500 சுற்றில் நசுக்கிப் பிழிந்துவிட்டு, "எடுக்க மாட்டேங்குதுங்க" என்றார்கள். 3000-க்கு மேல் விட்டுப் பார்த்தவன் அந்தப் பேச்சைப் பேச மாட்டான். இன்ஜினிடம் குற்றம் இல்லை. கியர் போட்ட கைதான் அவசரப்பட்டது.

எனக்கு இது புரிந்தது வால்பாறை சாலையில். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு, உங்களுக்குத் தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வாத்தியார், வெள்ளை 118 வைத்திருந்தார். விற்றுவிடுகிறேன், இல்லாவிட்டால் டீசல் இன்ஜின் மாட்டிக்கொடு என்று பிடிவாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுங்கள் சார் என்று அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். முதல் நாலைந்து வளைவு அவர் பாணியில் ஓட்டினேன், வண்டி முனகியது. பிறகு இரண்டாவது கியரிலேயே வைத்து, காலை எடுக்காமல் மிதித்தேன். சத்தம் மாறியது. மேலே போகப்போக அந்தச் சத்தம் கரகரப்பு இல்லாமல் மெலிந்துகொண்டே போகும், தையல் மிஷின் மாதிரி. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தியபோது வாத்தியார் கீழே தெரிந்த ஆழியாறு அணையைப் பார்க்கவில்லை. "இது என் வண்டிதானா?" என்றார். டீசல் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

இதே சாலையில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு 118. ஃபேன் பெல்ட் தளர்ந்ததைக் கவனிக்காமல் ஏறினேன். சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டது. அவசரத்தில் ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். ஏ12-க்கு பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டும் ஒரே மாதிரி சுருங்காது. ஹெட் வளைந்து, காஸ்கெட் போய், தேயிலை லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இறங்கினேன். மெக்கானிக் என்று போர்டு மாட்டியிருக்கிற ஆள் நான். ஆகவே, இன்ஜின் ஆறும்வரை காத்திருங்கள். ஆறும்வரை.

குதிரைச் சக்தி எத்தனை என்று கேட்பீர்கள். 52. சிரிக்காதீர்கள். அன்றைக்குப் பத்மினி நாற்பது சொச்சம். கான்டெஸாவுக்குப் பின்னாளில் இசுசு 1.8 இன்ஜின் வந்து 88 குதிரை கிடைத்தது, ஒப்புக்கொள்கிறேன். நேர் ரோட்டில் அது ஓடும். அதற்கு முன் அந்தப் பெரிய உடம்பை இழுத்தது யார்? அதே அம்பாசடர் இன்ஜின். வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு 2000 கதை இன்னும் சோகம். இங்கிலாந்தில் மூன்றரை லிட்டர் வி8 போட்டு ஓட்டிய ரோவர் உடம்பில், நம் ஆட்கள் வேன் ஓட்டிய பழைய இரண்டு லிட்டர் இன்ஜினை வைத்தார்கள். சிங்கத்தின் தோலுக்குள் செம்மறி. மாருதி 800 லேசான சுட்டி வண்டி, ஜிப்ஸி ராலிக்காரர்களின் செல்லம். அவற்றுக்குப் பேச ஆள் இருக்கிறது, நான் வேண்டாம்.

சின்ன வயதில் மாமா என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போவார். யுத்தகாலத்து விமானத் தளம், பிப்ரவரியில் கார் பந்தயம். கண்ணை மூடிக்கொள் என்பார் மாமா. வருகிற வண்டி எது என்று சத்தத்தை வைத்துச் சொன்னால் ஒரு ஐஸ். அந்தக் காதுதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது. அந்தக் காதோடு சொல்கிறேன், எண்பதுகளில் நம் நாட்டில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய வண்டிகளில், காதுக்கு இனிமையாக மேல் சுற்றுக்குப் போனது 118தான். இன்றைக்கும் கான்டெஸாவுக்குக் கேட்கிற விலையை இதற்கு யாரும் கேட்பதில்லை. கேட்பதற்குள் வாங்கிவிடுங்கள்.

உங்கள் தோட்டத்துச் சாளையிலோ, தாத்தா வீட்டு வேப்பமரத்தடியிலோ ஒரு 118 நின்றால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடாதீர்கள். புது பேட்டரி மாட்டிச் சாவியையும் திருப்பிவிடாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு முன்னால் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் வண்டி உயிரோடு இருக்கிறது. அதற்கப்புறம் ஸ்டார்ட்டரைத் தொடுங்கள்.