மூளையின் நீரறைகள்
(குடுமியான்மலையில் ஆற்றிய உரை)

இசைக் கல்வெட்டால் புகழ்பெற்ற இவ்வூரில் நோயைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள்க.

மூளைக்குள் நான்கு நீரறைகள் உள்ளன. அங்கே நாள்தோறும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் நீர் ஊறி, வழிந்து, குருதியில் கலக்கிறது. கண்மாய் மடையை ஒரு கல் அடைத்தாற்போல, அறைக்குள் வளரும் கட்டி வழியை மறிப்பின், தேங்கிய நீர் மூளையை நெருக்கும். நெல்லிக்கனியினும் சிறிய கூழ்மக் கட்டி புற்று அன்று. ஆயினும் திடீரென உயிரைப் பறிக்க வல்லது.

விடியலில் தலைவலியும் வாந்தியும், உடன் கண் மங்கலும் வருமாயின், பித்தம் என்று சுக்குக் கஷாயத்தோடு நாளைக் கடத்தாதீர். 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னையில் இராமமூர்த்தியும் மூளை அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினர். இன்று சிறு துளையில் உள்நோக்கிக் குழாய் செலுத்தியே சில கட்டிகளை அகற்றுகின்றனர். தேங்கிய நீருக்குப் புதுவழியும் திறக்கின்றனர்.