ரூபாயும் ரியாலும்: நாணய மாற்றில் நாணயம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் வளைகுடா நாட்டு வருமானத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல உண்டு. அயல் நாணயம் நம் மண்ணுக்குப் புதியதன்று. நம் பழவேற்காட்டில் டச்சுக் கம்பெனியார் நாணயச்சாலையே நடத்தினர். சென்னை மாகாணத்தில் ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்குச் சமமாகக் கணக்கிடப்பட்ட காலமும் இருந்தது. ஆயினும், ரூபாய்க்கும் சவூதி ரியாலுக்கும் இடையிலான மதிப்பு ஏன் இவ்வளவு மாறியது என்பதை நம்மில் பலர் சிந்திப்பதில்லை. அதை அறியாமையால் கடன் கொடுக்கல் வாங்கலில் மனக்கசப்பு விளைகிறது. எனவே அதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

ஒரே எடையில் இரு நாணயங்கள்

1935 இல் வெளியிடப்பட்ட சவூதி வெள்ளி ரியாலும் அன்றைய இந்திய வெள்ளி ரூபாயும் எடையிலும் வெள்ளியின் தரத்திலும் ஒன்றாகவே இருந்தன. இரண்டும் ஏறத்தாழ 11.66 கிராம். ஹஜ் பயணிகளாலும் வணிகர்களாலும் இந்திய ரூபாய் அப்பகுதிகளில் நன்கு அறியப்பட்டிருந்தது. குவைத், பஹ்ரைன், கத்தர், துபை போன்ற நாடுகளிலோ நம் ரூபாயே அன்றாடப் பணமாக விளங்கிற்று.

இந்நிலையைத் தங்கக் கடத்தல் குலைத்தது. வளைகுடாவில் தங்கம் விற்றுச் சேர்ந்த ரூபாய்களுக்கு ஈடாக இந்தியா தன் அந்நியச் செலாவணியைத் தர வேண்டியதாயிற்று. இதைத் தடுக்கவே 1959 இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய் நோட்டுகளையும், ஹாஜிகளுக்கெனத் தனி ஹஜ் நோட்டுகளையும் வெளியிட்டது. பின்னர் 1961 இல் குவைத்தும், 1965 இல் பஹ்ரைனும் சொந்த தீனாருக்கு மாறின. பத்து ரூபாய்க்கு ஒரு பஹ்ரைன் தீனார் என்பதே அன்றைய கணக்கு.

வீழ்ச்சியின் படிகள்

1960 களின் தொடக்கத்தில் ஒரு டாலர் 4.76 ரூபாய், சவூதியிலோ 4.50 ரியால். அதாவது ஒரு ரியால் ஒரு ரூபாயைச் சற்றே கடந்த மதிப்புடையது. 1962, 1965 ஆம் ஆண்டுப் போர்கள், வறட்சி, வெளிநாட்டு உதவி தடைப்பட்டமை ஆகியவற்றால் 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, டாலர் 7.50 ரூபாய் ஆயிற்று. ரியாலும் ஒன்றே முக்கால் ரூபாயை நெருங்கியது.

1990 இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது எண்ணெய் விலை ஏறியது. இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினர். செலாவணி வற்றியதால் 1991 இல் இந்தியா தன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. அவ்வாண்டு ஜூலையில் இரு கட்டமாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட, ஐந்தரை ரூபாயளவில் இருந்த ரியால் ஏழு ரூபாயை எட்டியது. 2005 இல் ஏறத்தாழ 12 ரூபாய்; 2024 இல் 22 ரூபாய்க்கும் மேல்.

இதன் காரணம் யாது? எண்ணெயை டாலரில் விற்கும் சவூதி, 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று நிலைநிறுத்திவிட்டது. நாமோ எண்ணெயையும் தங்கத்தையும் இறக்குமதி செய்கிறோம். நம் ஏற்றுமதி இறக்குமதியை விடக் குறைவு. விலைவாசி உயர்வும் அங்கிருப்பதை விட இங்கு மிகுதி. ரூபாய் சரியும்போது ரியால் அனுப்புவோர் மகிழ்கின்றனர். ஆனால் அதே சரிவால் வெளிநாட்டு மூலப்பொருளை நம்பியுள்ள சிப்காட் ஆலைகளுக்குச் செலவு கூடுகிறது; ஹஜ், உம்ராச் செலவும் உயர்கிறது.

கடனில் எது நீதி?

2005 இல் ஒருவர் தம் உறவினருக்கு 5,000 ரியால் கடன் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அன்று அது 60,000 ரூபாய். 2024 இலோ 1,10,000 ரூபாய். "நான் வாங்கியது அறுபதாயிரம்தான்" என்பார் ஒருவர். "என் ரியால் எனக்கு வேண்டும்" என்பார் மற்றவர். யார் சொல்வது சரி?

எந்த நாணயத்தில் கடன் பேசப்பட்டதோ அந்த நாணயத்தில் அதே அளவே கடமையாகும். ரியாலில் பேசியிருந்தால் 5,000 ரியால். ரூபாயில் பேசியிருந்தால் 60,000 ரூபாய் மட்டுமே. மதிப்பு சரிந்தது என்று கூட்டிக் கேட்கலாகாது. 1988 இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் இவ்வாறே தீர்மானித்தது. ரியால் கடனை ரூபாயில் தீர்க்க இருவரும் உடன்பட்டால், தீர்க்கும் நாளின் விலையே கணக்கு. தீனாருக்கு ஒட்டகம் விற்றுத் திர்ஹம் பெற்ற இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அன்றைய விலையில் பெறுமாறும், பாக்கியின்றிப் பிரியுமாறும் வழிகாட்டினார்கள்.

ரியாலில் அனுப்பி, இங்கே ரூபாயாகக் கைக்கு வந்த கடன்களில்தான் பிணக்கு மிகுதி. ஆகவே கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறை பணித்திருப்பதை நாம் அலட்சியம் செய்யலாகாது. தொகை, நாணயத்தின் பெயர், தவணை, இரு சாட்சிகள் ஆகிய நான்கும் ஒரு தாளில் இருக்கட்டும். உண்டியல் வழியாக அனுப்புவதையும் தவிர்ப்போம்; அது சட்ட விரோதம், பணம் தொலைந்தால் கேட்க ரசீதும் இராது.

ரூபாயின் ஏற்ற இறக்கம் நம் கையில் இல்லை. கொடுத்த வாக்கின் மதிப்பைக் காப்பது நம் கையில்தான் உள்ளது. கடன் கொடுத்தவர் இயன்றால் விட்டுக்கொடுக்கட்டும்; வாங்கியவர் இயன்றால் மனமுவந்து அழகிய முறையில் தீர்க்கட்டும். பணத்தால் உறவு முறியாமல் வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன்.