சிபியின் தராசும் கானமயிலும்



புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து தராசில் இட்ட சிபியைத் தமிழ்ப் புலவர்கள் மறவாது போற்றி வந்துள்ளனர். சோழர்க்குச் செம்பியன் என்னும் பெயர், அவன் வழிவந்தோர் என்ற நம்பிக்கையால் அமைந்தது. அக்கதையில் புறாவின் அச்சம் மெய்யானது. பருந்தின் பசியும் மெய்யானதே. இரண்டு நியாயங்கள் ஒரே வாசலில் வந்து நின்றமையே அதன் சிக்கல். அத்தகைய வழக்கொன்று இக்காலத்தில் தார்ப் பாலைநிலத்தில் எழுந்தது.

நிலக்கரியை எரிப்பதால் புவி வெப்பமடைகிறது. அதனைத் தணிக்கக் கதிரொளியிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் பெற்றாக வேண்டும். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றைச் சாராத மின்திறனை 2030ஆம் ஆண்டுக்குள் 500 கிகாவாட்டாக உயர்த்துவது இந்தியாவின் இலக்கு. வெயிலும் காற்றும் மிகுந்த மேற்கு இராசத்தான் அதற்கு ஏற்ற நிலம். ஆனால், அங்கு விளையும் மின்சாரத்தைச் சுமக்கும் கம்பிகள் பறவைகளின் வழியில் குறுக்கிடுகின்றன.

அந்நிலமே கானமயிலின் கடைசிப் புகலிடங்களுள் முதன்மையானது. ஒரு காலத்தில் தமிழகத்திலும் திரிந்த இப்பறவை இன்று இங்கு இல்லை. நாடு முழுவதிலும் எஞ்சியவை இருநூறுக்கும் குறைவு. ஆண்பறவை பதினைந்து கிலோ வரை எடை உடையது. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் நேரெதிரே பார்வை குறைவு. கம்பியைக் கண்டு உடல் திருப்பி விலகுவதற்குள் மோதிவிடுகிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் இனத்துக்கு ஒவ்வோர் இறப்பும் பேரிழப்பாகும்.

இதனை உணர்ந்த உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில், இயலும் இடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்குமாறு பணித்தது. செலவும் தொழில்நுட்ப இடர்ப்பாடும் மிகுதி என்று அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் தன் ஆணையைத் தளர்த்தி வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றும் கூறிற்று. 2025 டிசம்பரில் அக்குழுவின் பரிந்துரைகளை ஏற்றது.

இவ்வழக்கில் பேசப்பட்டது ஓர் இனத்தின் அழிவு. பேசப்பட வேண்டிய இன்னொன்றும் உண்டு. தார்ப் பகுதியில் 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்கம்பிகளால் மடிவதாக இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தார் மதிப்பிட்டனர். இவற்றுள் மிகப் பல அருகிவரும் இனங்கள் அல்ல. ஆகவே அவற்றின் பொருட்டு வழக்கு இல்லை. ஆனால் சிறகு முறிந்து மணலில் துடிக்கும் பறவைக்குத் தன் இனம் அரியதா, மலிந்ததா என்பதால் வலி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

சூழலியல் கொள்கை இனங்களை எண்ணுகிறது. இரக்கம் உயிர்களை எண்ணுகிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த 51-அ பிரிவு, இயற்கைச் சூழலைப் பேணுவதையும் உயிர்களிடத்து இரக்கம் கொள்வதையும் ஒரே கூறில் குடிமக்களின் கடமையாக வைத்தது. அவற்றுள் முதற்பாதியை மட்டும் படித்துக் கொள்கை வகுத்தால் அது முழுமை பெறாது.

அவ்வாறாயின் சூரிய மின்சாரத்தையே நிறுத்திவிடலாமா எனின், அதுவும் இரக்கமாகாது. புவி வெப்பமும் வறட்சியும் விலங்குகளையும் வாட்டுவன. செய்யத்தக்கது வேறு. கம்பத்தை நடுமுன்பே பறவைகளின் வழியறிந்து பாதை வகுத்தல், இயலும் இடத்தில் கம்பியைப் புதைத்தல், இயலாத இடத்தில் பறவைகளுக்குப் புலப்படும் அடையாளங்களைத் தொங்கவிடுதல், மலிந்த உயிர்களின் இறப்பையும் கணக்கில் ஏற்றுதல் ஆகியவையே அவை. இவற்றிற்குப் பணம் வேண்டும். அதனை மின்சாரத்தின் விலையோடு சேர்த்தல் முறை.

சிபி பருந்தைப் பட்டினியிடவில்லை, புறாவையும் கைவிடவில்லை. அந்தப் புறா அரிய இனத்ததா என்று கேட்கவும் இல்லை. இரு நியாயங்களுக்கும் உரிய விலையைத் தன் உடலிலிருந்து கொடுத்தான். இன்றைய வழக்கில் குறைவது அந்த ஈகையே. விளக்கேற்றும் ஒவ்வொரு வீடும், எந்திரம் சுழலும் ஒவ்வோர் ஆலையும் தத்தம் பங்கை அத்தராசில் இட்டாக வேண்டும்.

கவிஞர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. 'தூய மின்சாரம்' என்னும் தொடர் நாள்தோறும் வழங்குகிறது. கம்பியடியில் கிடக்கும் பறவைகளை அது மறைத்துவிடுகிறது. சொல்லின் பொருளை நிறுத்துப் பார்ப்பது புலவர் தொழில். இச்சொல்லையும் அவர்கள் நிறுத்துப் பார்ப்பார்களாக.