பலகையைப் பார்த்து வாங்குவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆரப்பாளையம் உறுப்பினர் ஆற்றிய உரை)



பைன் மரத்தைப் பற்றியும் அதன் வெனீரைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "இது ஆசாரி பேசுற விஷயமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். நம் குழுக்களில் படிப்புச் செலவு, வைத்தியச் செலவு, கல்யாணச் செலவு என்றுதான் கடன் கேட்கிறோம். அந்தக் கல்யாணச் செலவுக்குள்ளேதான் கட்டிலும் பீரோவும் டிரெஸ்ஸிங் டேபிளும் இருக்கின்றன. நான் மரச்சாமான் பட்டறையில் பாலிஷ் வேலை பார்க்கிறவள். பலகையின் மேலேயும் தெரியும், உள்ளேயும் தெரியும். அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், மகள் கல்யாணத்துக்குக் குழுவில் கடன் வாங்கி ஒரு கட்டில் எடுத்தது. கடையில் "தேக்கு" என்று சொல்லி, தேக்கு விலையே வாங்கினார்கள். முதல் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கால் மாட்டுப் பலகை உப்பிப் போய், மேலே இருந்த தேக்குத் தோல் காகிதம் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே இருந்தது மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. கட்டில் போய்விட்டது, தவணை போகவில்லை. மாதாமாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெனீர் என்றால் என்ன? பெரியவர்களுக்குப் பழைய தீப்பெட்டி ஞாபகம் இருக்கும். இப்போது அட்டையில் வருகிறது. அப்போது சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி தீப்பெட்டி எல்லாம் மெல்லிய மரச்சீவலை மடித்து, மேலே தாள் ஒட்டிச் செய்தவை. அந்த மரச்சீவல்தான் வெனீர். கட்டையைச் சுழலவிட்டு, நீளமான கத்தியை வைத்து, பாயை விரிப்பது போல உரித்து எடுப்பார்கள். அழகுக்காக ஒட்டுவதைச் சீவியும் எடுப்பார்கள். அது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும்.

வெனீர் ஏமாற்றுப் பொருள் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தாளின் ரேகை நீளவாக்கில், அடுத்ததன் ரேகை குறுக்குவாக்கில் என்று 3, 5, 7 தாள்களை ஒட்டினால் அதுதான் பிளைவுட். குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருப்பதால் லேசில் பிளக்காது, வளையாது. நல்ல பிளைவுட் மேலே நல்ல வெனீர் ஒட்டிய சாமான் பல வருஷம் உழைக்கும். அதை வெனீர் என்று சொல்லி, வெனீர் விலைக்கு விற்றால் நியாயம். தேக்கு என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

இப்போது பைன். நம்ம ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறி கோடைக்கானல் போனவர்கள் பைன் காட்டைப் பார்த்திருப்பீர்கள். ஊசி ஊசியாய் இலை, நேராய் வளர்ந்த மரம். இளமஞ்சள் நிறம், ஆங்காங்கே கண் கண்ணாய்க் கணு, லேசான பிசின் வாசம், இதுதான் அடையாளம். கனம் குறைவு, ஆணியும் ஸ்க்ரூவும் சுலபமாய் இறங்கும். அலமாரித் தட்டு, அஞ்சறைப் பெட்டி, புத்தக ஸ்டாண்டு, பிள்ளைகளின் பொம்மை இதற்கெல்லாம் அருமையான மரம். ஆனால் மென்மையான மரம். நகம் பட்டாலே கோடு விழும். கரையானுக்கு ரொம்பப் பிடிக்கும். வெயில் பட்டால் நாளாக ஆக மஞ்சள் கூடும். மண் தரைக்கும் ஈரச் சுவருக்கும் ஆகாது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்? முதலில் ஓரத்தைப் பாருங்கள். முழு மரமாக இருந்தால் மேலே ஓடுகிற ரேகை ஓரத்திலும் தொடரும். ஓரத்தில் பட்டை ஒட்டி மூடியிருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. டிராயரை வெளியே இழுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள். அடுக்கடுக்காய்த் தெரிந்தால் பிளைவுட். தூளும் சில்லுமாய்த் தெரிந்தால் அமுக்கின பலகை, தண்ணீர் பட்டால் உப்பும். பிளைவுட் என்றால் என்ன தரம் என்று கேளுங்கள். 303 என்ற ஐ.எஸ். எண் பொது உபயோகத்துக்கு, 710 என்பது தண்ணீர் தாங்குகிற மரைன் வகைக்கு.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் "கட்டில் 1" என்று எழுதினால் போதாது. "தேக்கு முழு மரம்" அல்லது "பிளைவுட், தேக்கு வெனீர்" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே விஷயம் புரிந்துவிடும். ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பில் வேண்டும்.

தவணைக் கணக்கையும் பாருங்க. ஒரு கணக்குக்கு, 12,000 ரூபாய் பீரோவை முன்பணம் 1,000, வாரம் 300, மொத்தம் 50 வாரம் என்று கொடுத்தால் 16,000 கட்டுகிறோம். அதே 12,000த்தைக் குழுவில் மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் எடுத்து, மாதம் 1,000 அசலைக் குறைத்துக்கொண்டே வந்தால், 12 மாதத்தில் வட்டி 780 ரூபாய்தான். மிச்சம் 3,220 ரூபாய் நம் கையில்.

இனி பராமரிப்பு. வெனீர் சாமானைப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். பினாயில், மண்ணெண்ணெய் வேண்டாம். வீடு துடைக்கும்போது தண்ணீர் கால் பக்கம் தேங்கக் கூடாது, காலுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். சூடான பாத்திரத்தை நேரே வைக்காதீர்கள். நகர்த்தும்போது இழுக்காமல் இருவராய்த் தூக்குங்கள். ஓரம் தூக்கிக்கொண்டால் பிய்த்து எறியாதீர்கள். உள்ளே இருக்கும் தூசியைத் தட்டி, ஃபெவிகால் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, கனமான அம்மிக்கல் ஒன்றை ஒரு நாள் முழுக்க ஏற்றி வைத்தால் பிடித்துக்கொள்ளும். உப்புத்தாள் போட்டால் ரேகை போகிற திசையிலேயே, லேசாக. அரை மில்லிமீட்டர்தான் இருக்கிறது, நாலு இழுப்பு அதிகமானால் உள்பலகை தெரிந்துவிடும்.

பைனுக்கு நேரடியாகக் கலர் அடித்தால் திட்டுத் திட்டாய்க் குடிக்கும். முதலில் சீலர் ஒரு கோட் கொடுத்து, காய்ந்த பிறகு அடிக்கணும். தின்னர் கலக்கும் வேலையை வெளியில் வைத்துச் செய்யுங்கள். அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது, பிள்ளைகளும் கூடாது.

குழுவாய்ப் பழைய பைன் பலகை வாங்கிப் பொருள் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்பலில் சரக்கு வரும் பெட்டிகளின் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பக்கத்தில் எச்.டி. என்று இருந்தால் சூட்டில் பக்குவப்படுத்தியது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு போட்டது. அதை அஞ்சறைப் பெட்டிக்கோ பொம்மைக்கோ தொடவே வேண்டாம். பிளைவுட் துண்டையும் அடுப்பில் வைக்காதீர்கள். அதன் பசை எரிகிற புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கெடுதல்.

அக்கா தங்கச்சிகளே, கடன் கேட்கிறவரிடம் "எதுக்கு?" என்று கேட்கிறோம், "எப்ப கட்டுவ?" என்று கேட்கிறோம். இனிமேல் சாமான் வாங்கக் கடன் கேட்டால், விவரம் தெரிந்த இரண்டு உறுப்பினர்கள் கூடவே கடைக்குப் போய், ஓரத்தைப் பார்த்து, பில்லைப் பார்த்து வாங்கிக் கொடுக்கலாம் என்று தீர்மானம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆரப்பாளையம் பக்கம் என்றால் என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன்.